நடந்து வந்தவருக்கு எங்கே சாப்பாடு?

போன வருசம் எங்கள் குழுவில் ஆறு பேர் எல்லவுக்குப் போனோம். விடிய எழும்பி மலை ஏறி, ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போறதைப் பார்த்து, மத்தியானம் கடைத்தெருவுக்கு இறங்கினபோது எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: எங்க சாப்பிடுறது? ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு பலகை. பீட்சா, பாஸ்தா, ஸ்மூதி. விலையைப் பார்த்துவிட்டு மெல்ல நடையைக் கட்டினோம். கடைசியில் ஒரு ஒழுங்கைக்குள் சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும் போடுகிற சின்னக் கடை ஒன்று கிடைத்தது. எங்களோடு வந்த ஹட்டன் நண்பர் சாப்பிட்டபடியே கேட்டார்: "நான் யாழ்ப்பாணம் வந்து இப்படி நடந்து சுத்துனா எங்க சாப்பிடுறது?"

நாங்கள் வரிசையாகச் சொல்லத் தொடங்கினோம். ஒடியல் கூழ், குழல் பிட்டு, நண்டுக் கறி, தோசை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது என்ன சாப்பிடுறதுன்னு. நான் கேட்டது எங்க உக்காந்து சாப்பிடுறதுன்னு."

எங்களில் ஒருவன், "முதல்ல எங்களிட்ட நடந்து ஏற மலை எங்க இருக்கு?" எண்டு பகிடி விட்டான். உண்மைதான். பேரில் மலை இருக்கிற கீரிமலையே கடற்கரையில் இருக்கிற கேணிதான். ஆனா அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. திரும்பி வந்து பழைய ஆக்களிடம் விசாரித்தோம், புத்தகங்களைப் புரட்டினோம், கொஞ்சம் நடந்தும் பார்த்தோம். யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதியிருக்கினம். சாப்பிட உட்காருகிற இடத்தைப் பற்றி எழுதினவர்கள் குறைவு.

மலை இல்லாவிட்டாலும் நடை எங்களுக்குப் புதிது இல்லை. தொண்டைமானாற்றங்கரைச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி, வன்னியால் இறங்கி, வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை தாண்டி, குமுக்கன் ஆற்றைக் கடந்து, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் போய்ச் சேருகிற பாதயாத்திரை இருக்கு. வைகாசி மட்டில் வெளிக்கிட்டால் ஆடி விழாவுக்குப் போய்ச் சேருவினம். ஒன்றரை மாதத்துக்கு மேலே நடை. இலங்கையில் இதைவிட நீளமான நடைப்பாதை ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அப்படிப் பார்த்தால் குடாநாட்டில் 'நடைக்காரரின் ஊர்' எண்டு ஒன்றைச் சொல்லச் சொன்னால் அது சந்நிதிதான்.

அந்த ஊரில் எங்கே சாப்பிடுவது எண்டு யாரும் கேட்க மாட்டினம். சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் எண்டே பெயர். கோயிலைச் சுற்றி மடங்கள். திருவிழாக் காலத்தில் எந்த மடத்துக்குள் நுழைந்தாலும் இலை போடுவினம். சாதாரண நாட்களிலும் ஆச்சிரமத்தில் மத்தியானச் சோறு உண்டு. கோயிலின் கதையே சாப்பாட்டில்தான் நிற்கிறது. மருதர் கதிர்காமர் என்ற கடலோடிக்கு முருகன் காட்சி கொடுத்து, வேல் ஒன்றைக் கொடுத்து, ஆலமிலையில் அமுது படைக்கச் சொன்னதாக ஐதீகம். இன்றைக்கும் 65 ஆலமிலைகளில் படையல் போடுகிறார்கள். பூசை செய்பவர்கள் பிராமணர்கள் அல்ல, அந்தக் கடலோரக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். கதிர்காமத்தில் போல வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்வார்கள்.

நாங்கள் பருத்தித்துறையிலிருந்து அங்கே நடந்தோம். பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. தும்பளைப் பக்கத்துத் தெருமூடிமடத்தில் தொடங்குவது எண்டு முடிவு. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறோம்: ஒரு கல்மண்டபம், அதன் நடுவாலே தெரு போகிறது. தெருவை மூடி நிற்கிறதால் தெருமூடிமடம். இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை. பொழிந்த கல்லில் தூண்கள். வெயிலில் நடந்து வருபவர் தெருவை விட்டு விலகாமலே நிழலுக்குள் ஏறி உட்காரலாம், கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம், படுக்கலாம். இப்போது அதற்குள்ளால் மோட்டார் சைக்கிள்கள் போய்வருகின்றன. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பனங்கட்டியும் புழுக்கொடியலும் கடித்தோம். கல் குளிர்ந்தது.

அந்தக் காலத்து வழிப்போக்கனுக்குக் குடாநாட்டு வீதிகள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தன. சுமையை இறக்கி வைக்க நெஞ்சளவு உயரத்தில் சுமைதாங்கி. மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. அது முதுகைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல். ஆளுக்குக் கேணியும் கிணறும். கோயில் நாட்களில் மோரும் சர்க்கரைத் தண்ணியும் ஊற்றுகிற தண்ணீர்ப் பந்தல். மடியில் கொண்டுபோக, மாதக்கணக்கில் பழுதாகாத பனாட்டு. கூழ் குடிக்கக் கோப்பை தேவையில்லை, ஒரு பனை ஓலையை மடித்தால் பிளா. ஆறு இல்லாத, நிழல் குறைந்த, சுண்ணக்கல் நிலத்தில் நடக்கிறவனைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் எண்டு பெருமையாகத்தான் இருந்தது. முகநூலில் எழுதினால் நல்லா ஓடும்.

ஆனா அதே கிணற்றைப் பற்றி அம்மம்மாமாரிடம் கேட்டால் வேறொன்றும் வெளியே வரும். எல்லாரும் அள்ள முடியாது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் கிணற்றடிக்குத் தள்ளி நின்று, யாராவது 'உயர்ந்த' சாதிக்காரர் வந்து அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு காத்திருக்க வேண்டும். சில இடங்களில் மணிக்கணக்காக. மாடு போய்க் குடிக்கிற தொட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பந்தியும் அப்படித்தான். ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்வோம். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்த சனத்துக்கு ஊற்றியவர் அவர். அதே நாவலர் எழுதிய சைவ வினாவிடையில், சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கத் தகுந்தவர் யார் என்ற கேள்விக்கு முதலாவது தகுதி சமசாதியாராய் இருப்பது. இதில் முரண்பாடு இருக்கிறதாக எங்களில் இருவர் வாதிட்டார்கள். மற்றவர்கள் இல்லை எண்டார்கள். சோறு கொடுப்பது வேறு, பக்கத்தில் இருத்துவது வேறு. இரண்டையும் வேறு வேறாக வைத்திருக்கிற சமூகத்தில் கொடுப்பதற்குத் தடையே இல்லை, எவ்வளவும் கொடுக்கலாம். எங்கட பேர்போன விருந்தோம்பலை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேணும் எண்டு எங்களுக்குப் படுகிறது. சீக்கியரின் லங்கர் நினைவுக்கு வந்தது. அங்கே சோறு முக்கியமில்லை, அரசனும் கூலிக்காரனும் ஒரே தரையில் ஒரே வரிசையில் இருப்பதுதான் முக்கியம். சந்நிதியின் பெருமையும் அதில்தான், பாதயாத்திரை போகிறவனை ஆர் எவர் எண்டு கேட்காமல் 'சாமி' எண்டு கூப்பிட்டு இருத்துவதில். ஆனா சந்நிதியை வைத்து முழுக் குடாநாட்டையும் அளக்க ஏலாது.

வெள்ளைக்காரத் துரைமாருக்கு வாடி வீடுகள் இருந்தன. அதை விட்டுவிடுவோம். பெரிய மாற்றம் ரயிலோடு வருகிறது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும், 1905இல் கொழும்பு வரைக்கும் பாதை திறந்தது. ஆள்நடமாட்டம் கூடியது. சந்திகளில் தேத்தண்ணிக் கடைகளும் சைவக் கடைகளும் வந்தன. இது மடத்தைப் போன்ற இடமில்லை. ஒருத்தரின் புண்ணியத்தில் சாப்பிடத் தேவையில்லை, காசைக் கொடுத்தால் சரி. கடை எண்டால் காசுக்குச் சாதி இல்லைத்தானே?

இருந்தது. கடைக்குள் வாங்கு இருக்கும், அதில் இருக்க விடமாட்டார்கள். வெளியே நிலத்தில் குந்த வேண்டும். உள்ளே இருப்பவருக்கு மூக்குப்பேணியிலோ கிளாசிலோ தேத்தண்ணி. வெளியே இருப்பவருக்குச் சிரட்டை, தகரப்பேணி, இல்லாட்டிப் போத்தில். விலை ஒன்று. 'சைவ' என்ற சொல் அந்தக் கடைப் பலகைகளில் மரக்கறிச் சாப்பாட்டை மட்டும் குறிக்கவில்லை. தமிழ்நாட்டில் இரட்டைக் குவளை எண்டு சொல்வது இதைத்தான்.

இதை உடைக்கப் படித்த இளைஞர்களும் முயன்றார்கள். 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் அதில் முன்னுக்கு நின்றார்கள், சமபந்திப் போசனத்தை ஊக்கப்படுத்தினார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு எண்டு பெரிய சண்டை நடந்தது. 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் இந்தக் காங்கிரசின் அழைப்பில்தான். 1929-30 அளவில் அரசு, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னபோது சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் ஏறி இருந்ததற்காக ஒரு பள்ளிக்கூடத்தை எரிப்பது. பாடசாலையில் எங்களுக்கு வாலிபர் காங்கிரசைப் பற்றிப் படிப்பித்தார்கள். நெருப்பைப் பற்றிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பிறகு ஒடுக்கப்பட்ட மக்களின் சொந்த அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை இந்தக் கடைக் கதவுகளைத் தட்டியது. எம்.சி. சுப்பிரமணியம் அதன் முக்கியமான தலைவர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது: கடை, கோயில், பொது இடம் எதிலும் சாதியைச் சொல்லி ஒருவரை மறிப்பது குற்றம். நகரத்தில் சில கடைகள் திறந்தன. கிராமத்துச் சந்திகளில் சட்டத்தை ஆர் வாசித்தார்கள்? முறைப்பாடு எழுதுகிற பொலிஸ்காரர் குடிக்கிற தேத்தண்ணியும் அதே கடையில்தான்.

இந்த வரலாற்றில் அடுத்த பெரிய நிகழ்ச்சியும் ஒரு நடைதான். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு ஊர்வலம். இடையில் பத்துக் கிலோமீற்றர் அளவு. நா. சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கு செய்தது. பொலிசார் அடித்தார்கள், ஊர்வலம் நிற்கவில்லை. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. எஸ்.ரி.என். நாகரத்தினம், எழுத்தாளர் கே. டானியல் போன்றவர்கள் அதன் முன்னணியில் நின்றார்கள். சங்கானை, நெல்லியடி, சாவகச்சேரி, கொடிகாமம், அச்சுவேலி எண்டு ஒவ்வொரு சந்தியிலும் போராட்டம். செய்தது என்ன? கூட்டமாகக் கடைக்குள் போய், வாங்கில் இருந்து, கிளாசில் தேத்தண்ணி கேட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கத்தி வந்தது, துவக்கு வந்தது, குண்டு வந்தது, வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. சங்கானையில் நடந்தது அவ்வளவு பெரிதாக இருந்தபடியால் அந்த ஊரைச் சீனத்து ஷங்காயோடு சேர்த்துப் பேசினார்கள். கவிஞர் சுபத்திரன் அந்த ஊரைக் கும்பிட்டே ஒரு கவிதை எழுதினார். டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலைக் கொண்டுவந்தார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்தது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஆனா கோயில் கதவுக்கு முதல் தட்டப்பட்டது தேத்தண்ணிக் கடைக் கதவு. அதைத்தான் நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒரு விசயத்தை வெட்கத்தோடு சொல்ல வேணும். 1960 பெப்ரவரி 1ஆம் திகதி, அமெரிக்காவின் வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில், நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் போய் இருந்து கோப்பி கேட்ட கதை எங்கள் குழுவில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. படத்தில் பார்த்திருக்கிறோம், அதைப்பற்றி ஒருத்தி இங்கேயே எழுதியும் இருக்கிறாள். ஏழெட்டு வருசம் கழித்து, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் நடந்த அதே காரியம் ஒருத்தருக்கும் தெரியாது.

சங்கானைக்குப் போனோம். எங்களில் ஒருவனுடைய பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர் கூட்டிக்கொண்டு காட்டினார். அப்போது அவருக்குப் பதினேழு வயதாம். "நீங்களும் உள்ளுக்குப் போனீங்களோ ஐயா?" எண்டு கேட்டோம். "இல்லைத் தம்பியவை. எனக்குப் பயம். அண்ணர்தான் போனவர். நான் வெளியில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், ஏதும் நடந்தா ஏத்திக்கொண்டு ஓட." என்ன குடித்தார் அண்ணர் எண்டு கேட்டாள் எங்கள் தோழி. அவர் சிரித்தார். "பிளேன்டி. சீனி கூடப் போட்டிட்டாங்கள் எண்டு வந்து சொன்னவர்." கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். கடைக்காரரின் பெயரை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு யுத்தம். இயக்கங்களின் காலத்தில் கடையில் தனிப்பேணி வைக்கத் துணியவில்லை எண்டு சொல்பவர்கள் இருக்கிறார்கள், பயத்தில் மறைந்தது மனதில் மறையவில்லை எண்டு சொல்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவது கட்சியோடுதான் உடன்பாடு. கலியாணப் பேச்சுக்கால் தொடங்கினால் தெரியும்.

அந்தக் காலத்திலிருந்து ஒரு நடையை மட்டும் சொல்லாமல் போக ஏலாது. 1995 ஒக்டோபர் 30. ஓர் இரவுக்குள் வலிகாமம் முழுவதும் எழும்பி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. சில லட்சம் சனம், மழை, ஒரே தெரு. எங்கள் அம்மாமார் எல்லாருமே அதில் நடந்தவர்கள். அடி வைக்க இடம் இல்லாமல் விடிய விடிய ஊர்ந்தார்கள். "எங்க சாப்பிட்டனீங்கள்?" எண்டு கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவருடைய அம்மாவுக்குச் சாவகச்சேரிப் பக்கம் முன்பின் தெரியாத வீட்டில் கஞ்சி. இன்னொருவருக்குப் பள்ளிக்கூட விறாந்தையில் பாணும் சம்பலும். மூன்றாவது அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வீட்டுக் கிணத்தடியில தண்ணி கேட்டனாங்கள். எந்த ஊர் எண்டு கேட்டவை. ஊரைச் சொன்னோண்ண, ஊருக்குள்ள எந்தப் பக்கம் எண்டு கேட்டவை" என்றார். அதற்கு மேலே அவர் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் 'எந்தப் பக்கம்' எண்டால் என்ன கேள்வி எண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கதிர்காமப் பாதையிலும் சாப்பாட்டு இடங்கள் கைமாறின. நடை முடிகிற இடத்தில் இராமகிருஷ்ண மிஷன் மடம் ஆயிரக்கணக்கானவருக்குச் சோறு போட்டது. 1970களில் அரசு அதை எடுத்துக்கொண்டது. வடக்கிலிருந்து போகிற நடை யுத்தத்தில் அறுந்து, யுத்தம் முடிந்த பிறகு மறுபடி சந்நிதியிலிருந்து வெளிக்கிடுகிறது. வழியில் வன்னியிலும் கிழக்கிலும் ஊர்ச் சனம் கோயில்களில் சமைத்து வைத்துக் காத்திருக்கினம். தாங்களே மீள்குடியேறி, பாதிக் கூரையோடு இருக்கிற சனமும் உலை வைத்ததாகப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

நாங்கள் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. பொலிகண்டி தாண்டின பிறகு ஒருத்தனுக்குக் காலில் கொப்புளம், அவனுக்காக நின்று நின்றுதான் வந்தோம். ஆற்றில் கால் கழுவி, மடத்துக்குள் போய்த் தரையில் இருந்தோம். சோறு, பருப்பு, பூசணிக்காய், கீரை, ரசம். ஒரு பக்கத்தில் கொடிகாமத்திலிருந்து வந்த குடும்பம். மறுபக்கத்தில் ஒரு வயதான அம்மா, காவி உடுத்தவர், மூன்று தரம் கதிர்காமத்துக்கு நடந்தவராம். எங்கட தோழி சாப்பிடச் சாப்பிட அவரிடம் வழியைக் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொண்டாள்: எந்த ஊரில் எந்தக் கோயில், எங்கே தண்ணி, எங்கே படுக்கலாம். "எங்க சாப்பிடுறது அம்மா?" எண்டு கேட்டபோது அவர், "நடந்தாச் சாப்பாடு வரும் பிள்ளை" என்றார். பரிமாறுகிறவர் எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னோம். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" எண்டுதான் கேட்டார்.

ஹட்டன் நண்பருக்கு வழிக்குறிப்பு அனுப்பியாச்சு. வாற வைகாசியில் அவரும் வருகிறார். முல்லைத்தீவு வரைக்குமாவது போய்ப் பார்ப்பதாகத் திட்டம்.